முதலில் சத்தம், அப்புறம் சாயம்: சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் மின்கிட்டார் கட்டுவது

என் அக்கா மகன் தேசிய சேவைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு நீளமான அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். இணையத்தில் வாங்கிய மின்கிட்டார் கிட், அதாவது பாகம் பாகமாக வந்து நாமே பூட்டிக்கொள்ள வேண்டியது. "மாமா, நான் வெளியே வர்றதுக்குள்ள இது பூஞ்சை பிடிச்சிடும். நீங்களே கட்டி வச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பயிற்சி முகாம் இருக்கும் தெக்கோங் தீவுக்குப் போய்விட்டான். நான் செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் சாயப் பிரிவில் 26 வருடம் இருந்தவன். இரும்பு தெரியும், சாயம் தெரியும். மரம் தெரியாது. கிட்டார் சுத்தமாகத் தெரியாது.

ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று மாதம் ஆனது. அதில் பாதி, செய்ததைப் பிரித்துத் திரும்பச் செய்ததில் போனது. உங்களுக்கு அந்தப் பாதி மிச்சமாகட்டும்.

பெட்டியைத் திறந்தவுடன் என்ன நிறம் அடிக்கலாம் என்றுதான் எல்லோருக்கும் கை அரிக்கும். அடிக்காதீர்கள். வெறும் மரத்திலேயே எல்லாவற்றையும் பூட்டி, வயர் இணைத்து, கம்பி மாட்டி, ஆம்ப்பில் (கிட்டார் ஒலிபெருக்கி) செருகிச் சத்தம் கேளுங்கள். அப்புறம் மொத்தத்தையும் கழற்றிச் சாயத்துக்குப் போங்கள். கப்பலில் இது பாலபாடம். வெல்டிங் பாக்கி இருக்கும் இடத்தில் சாயம் அடித்தால், வெல்டர் வந்து அதைக் கருக்கிவிட்டுப் போவார், நாம் திரும்பச் சுரண்ட வேண்டும். கிட்டாரில் வெல்டரும் நாமே, சுரண்டுவதும் நாமே.

முதல் தடவை என்றால் டெலிகாஸ்டர் வடிவ கிட்டை வாங்குங்கள். பாடி (உடல் பலகை) தட்டையாக இருக்கும், பிரிட்ஜ் (பாடியில் கம்பிகள் வந்து முடியும் உலோகத் தட்டு) அசையாதது, நெக்கை (விரல் வைத்து வாசிக்கும் நீளமான கழுத்து) நான்கு ஸ்க்ரூ பிடித்திருக்கும். பசை போட்டு நெக்கை ஒட்டும் கிட்களில் கோணம் ஒருமுறை தப்பினால் தப்பியதுதான். ஸ்க்ரூ என்றால் கழற்றித் திரும்ப மாட்டலாம். 1950இல் லியோ ஃபெண்டர் இதைப் பிராட்காஸ்டர் என்று விற்கத் தொடங்கினார். இன்னொரு கம்பெனி தன் பெயர் என்று சொன்னதால் 1951இல் டெலிகாஸ்டர் ஆனது. அவர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர், கழற்றி மாட்டுவதை மனதில் வைத்தே வடிவமைத்தார். அவருக்கும் கிட்டார் வாசிக்கத் தெரியாதாம். எனக்கு அது பெரிய தைரியம்.

விலையைப் பார்க்கும்போது வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 முதல் வெளிநாட்டிலிருந்து வரும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் பொருள் சேவை வரி உண்டு, இப்போது 9 விழுக்காடு.

பெட்டி வந்ததும் ஒரு வாரம் அப்படியே அறையில் கிடக்கட்டும். மரம் நம் ஊர்க் காற்றைக் குடித்து ஒரு நிலைக்கு வரும். அதற்குள் ஒரு சோதனை செய்து பாருங்கள்: பாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஊறிப்போனால் வெறும் மரம். முத்தாக நின்றால் தொழிற்சாலையிலேயே மரத்தின் துளையை அடைக்கும் சீலர் அடித்திருக்கிறார்கள், அதைத் தேய்த்து எடுக்காமல் எந்தச் சாயமும் உள்ளே இறங்காது.

அடுத்து அளவு. நட்டின் உள்விளிம்பிலிருந்து 12ஆவது ஃப்ரெட் (வீணை மெட்டு மாதிரி நெக்கின் குறுக்கே இருக்கும் உலோகக் கோடு) வரை அளந்து பாருங்கள். நட் என்றால் போல்ட்டில் மாட்டுவது இல்லை. நெக்கின் தலைப்பக்கம் கம்பி ஏறிப் போகும் வெள்ளைத் துண்டு. டெலிகாஸ்டர் வகையில் அந்தத் தூரம் 324 மி.மீ. இருக்க வேண்டும். அதே 324 மி.மீ. 12ஆவது ஃப்ரெட்டிலிருந்து மெல்லிய கம்பியின் சேடில் (பிரிட்ஜில் கம்பி ஏறி உட்காரும் சின்னத் துண்டு) வரைக்கும் வர வேண்டும். மொத்தம் 648. தடித்த கம்பிக்கு இரண்டு மூன்று மி.மீ. கூடவே தேவைப்படும், அதனால் சேடில் பின்னால் நகர இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வீணையில் மெட்டுகளை மெழுகில் பதித்திருப்பார்கள், சுருதி பிசகினால் மெழுகை இளக்கி மெட்டையே நகர்த்தலாம். கிட்டாரில் ஃப்ரெட் மரத்தில் அறைந்த ஆணி மாதிரி. நகர்வது சேடில் மட்டும்தான். அதனால்தான் இந்த அளவில் இவ்வளவு பிடிவாதம்.

நெக்கைப் பாடியின் குழியில் வைத்து, நட்டின் இரண்டு ஓரக் காடிகளிலிருந்தும் பிரிட்ஜ் வரை தையல் நூல் கட்டினேன். மல்லிகைச்சரம் தொடுக்கும் நூல்தான், வீட்டில் அதுதான் இருந்தது. இரண்டு நூலும் நெக்கின் ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் ஓட வேண்டும். என்னுடையதில் ஒரு பக்க நூல் கிட்டத்தட்ட வெளியே தொங்கியது. பிரிட்ஜுக்குத் தொழிற்சாலையில் போட்ட ஓட்டைகள் 2 மி.மீ. தள்ளி இருந்தன. கொஞ்சம் என்றால் நெக் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நெக்கைப் பக்கவாட்டில் தள்ளி, திரும்ப முறுக்கினாலே சரியாகும். எனக்கு ஆகவில்லை. கோப்பிக்கடையில் தரும் மரச் சாப்ஸ்டிக்கைச் சீவி, மரப்பசை தடவி ஓட்டையில் அடித்து, ஒரு நாள் காயவிட்டு, புது ஓட்டை போட்டேன். சாத்தே குச்சி வேண்டாம். மூங்கில் கெட்டி, டிரில் அதைத் தொட்டதும் பக்கத்து மரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும். இதைச் சாயம் அடித்த பிறகு கண்டுபிடித்திருந்தால் என் கதை என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஓட்டை போடாமல் எந்த ஸ்க்ரூவையும் திருகாதீர்கள். நெக் மேப்பிள் மரம், இரும்பு மாதிரி. நெக் ஸ்க்ரூவுக்கு 3.2 மி.மீ. பிட் சரியாக இருந்தது. எவ்வளவு ஆழம் என்பதற்குப் பிட்டில் ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நெக்கின் முன்பக்கம், ஃப்ரெட்போர்டு வழியாக எட்டிப் பார்க்கும். ஸ்க்ரூ மரையில் குளிக்கும் சோப்பைத் தேய்த்தால் வெண்ணெயில் போவது போல் போகும். கிட்டோடு வரும் சின்ன ஸ்க்ரூக்கள் மட்டமான இரும்பு. கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் டியூனரின் ஸ்க்ரூ ஒன்று தலை முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறது. மேலே டியூனர் உட்கார்ந்திருப்பதால் யாருக்கும் தெரியாது, இப்போது உங்களுக்கு மட்டும் தெரியும். டிரில் வேலையை மதியம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் புளோக்கில் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) இரவுப் பணித் தாதி, காலையில் தூங்குவார். கேட்டு வைத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று.

மின்வேலைக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. பேட்டரிகூட கிடையாது. இரண்டு பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்), ஒரு சுவிட்ச், சத்தத்துக்கு ஒன்றும் டோனுக்கு ஒன்றுமாக இரண்டு பாட் (குமிழுக்கு அடியில் திருகும் மின்தடை), ஒரு கெப்பாசிட்டர், கேபிள் செருக ஒரு ஜாக். அவ்வளவுதான். சாமான் வாங்க ஜாலான் புசார் சிம் லிம் டவருக்குப் போங்கள். கணினிக் கடைகள் இருக்கும் சிம் லிம் ஸ்கொயர் வேறு, டவர் வேறு. நான் முதல் நாள் தப்பாக இறங்கினேன். ரோசின் என்ற பிசின் உள்ளே ஓடும் 60/40 ஈயக் கம்பி வாங்குங்கள். தண்ணீர்க் குழாய் வேலைக்கான அமில ஃப்ளக்ஸைத் தொடாதீர்கள், வயரை அரித்துவிடும்.

சால்டரிங் அயர்னை 350 டிகிரிக்கு வையுங்கள். எல்லோரும் தடுமாறுவது பாட்டின் முதுகில் எர்த் வயரை ஒட்டும் இடத்தில்தான். அந்த உலோகம் சூட்டை விழுங்கும். உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்துப் பளபளப்பாக்கி, அயர்னை உலோகத்தில் வைத்து, உலோகம் சூடான பிறகு ஈயத்தை உலோகத்தில் தொடுங்கள், அயர்னில் தொடாதீர்கள். ஈயம் தண்ணீர் மாதிரிப் பரவ வேண்டும். மணி மாதிரி உருண்டு நின்றால் ஒட்டவில்லை.

கிட்டில் 250 கிலோ ஓம் பாட்கள் வந்திருந்தன. ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு அதுதான் சரி. ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப் போட்டால் 500 கிலோ ஓம் வாங்குங்கள், இல்லாவிட்டால் சத்தம் போர்வை போர்த்திய மாதிரி இருக்கும். கெப்பாசிட்டர் 0.022 அல்லது 0.047 மைக்ரோஃபாரட். பெரிய எண் டோனைத் திருகும்போது அதிகம் இருட்டாக்கும். விலை உயர்ந்த கெப்பாசிட்டர் வாங்கினால் சொர்க்கம் தெரியும் என்பவர்களை நம்ப நான் தயாராக இல்லை.

கம்பி மாட்டும் முன்பே ஆம்ப்பில் செருகி, பிக்கப்பைத் திருப்புளியால் மெல்லத் தட்டுங்கள். டொக் டொக் என்று கேட்டால் உயிர் இருக்கிறது. எனக்கு உயிரோடு கூடவே ஒரு 'ம்ம்ம்' என்ற முனகலும் கேட்டது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒற்றைச் சுருள் பிக்கப் அதைக் கொஞ்சம் பிடிக்கத்தான் செய்யும். ஆனால் பிரிட்ஜைத் தொட்டதும் முனகல் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் பிரிட்ஜிலிருந்து பாட்டின் முதுகுக்கு வர வேண்டிய எர்த் வயர் இல்லை அல்லது தொடவில்லை. என்னுடையது பிரிட்ஜுக்கு அடியில் ஒதுங்கிக் கிடந்தது. அப்புறம் குழிகளுக்குள் செப்பு ஃபாயில் டேப் ஒட்டி, அதையும் எர்த்தோடு இணைத்தேன். முனகல் பாதிக்கு மேல் போய்விட்டது.

இன்னொரு கோளாறு. சுவிட்சை நடுவில் வைத்தால் இரண்டு பிக்கப்பும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். சத்தம் கூடுவதற்குப் பதில் தகர டப்பா மாதிரி மெலிந்தது. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது என்று அர்த்தம். இரண்டில் ஒரு பிக்கப்பின் இரண்டு வயரையும் இடம் மாற்றி ஒட்டினால் சரியாகிவிடும். நெக் பிக்கப்பின் உலோக மூடி பெரும்பாலும் ஒரு வயரோடு இணைந்திருக்கும், அதை அப்படியே மாற்றினால் மூடி முழுவதும் முனகலை வாங்கும். அதனால் நான் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பை மாற்றினேன். என் கிட்டில் அதன் அடியில் உலோகத் தட்டு இல்லை. உங்களுடையதில் இருந்தால் முதலில் அந்தத் தட்டை வயரிலிருந்து பிரித்துத் தனி எர்த் கொடுங்கள்.

சத்தம் வந்தாயிற்று. இப்போது எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஸ்க்ரூக்களைப் பகுதிவாரியாகச் சின்ன டப்பாக்களில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

தலைப்பகுதி வெறும் பலகையாக வந்திருந்தால் உங்கள் விருப்பத்துக்கு வெட்டலாம். மருமகன் வீணையில் இருப்பது போல் யாளி முகம் வேண்டும் என்று தெக்கோங்கிலிருந்து செய்தி அனுப்பினான். அட்டையில் வரைந்து வெட்டி வைத்துப் பார்த்தேன். யாளியின் மூக்கு டியூனர் ஓட்டையில் இடித்தது. கடைசியில் வெற்றிலை நுனி மாதிரி ஒரு வளைவோடு நிறுத்திக்கொண்டேன். தலை கனத்தால் வாசிக்கும்போது நெக் கீழே சாயும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிறகு உப்புத்தாள்: 120, 180, 240, 320. மர ரேகை ஓடும் திசையில் மட்டும். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் மர நார் சிலிர்த்து நிற்கும், காய்ந்ததும் 320ஆல் லேசாகத் தேய்த்துவிடுங்கள். தாழ்வாரத்தில் தேய்த்தால் தூள் அடுத்தவர் காயப்போட்ட துணிக்குப் போகும். நான் குளியலறையில் உட்கார்ந்து தேய்த்தேன்.

நிறத்துக்கு என் மனைவி மஞ்சள்தூள் சொன்னாள். மரத்துண்டில் பூசிப் பார்த்தோம், கண்ணைப் பறித்தது. ஜன்னலோரம் வைத்த துண்டு சில வாரத்தில் வெளுத்துவிட்டது. மஞ்சள் வெயில் தாங்காது. அப்புறம்தான் எனக்குத் துரு ஞாபகம் வந்தது. 26 வருடம் யாரை எதிரியாக வைத்திருந்தேனோ அவனையே வேலைக்குக் கூப்பிட்டேன்.

பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார், துரு பிடிக்காத வகை அல்ல, சாதா இரும்பு. எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு, வெள்ளை வினிகர் ஊற்றுங்கள். மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு உண்டாகும். மூன்று நாளில் நார் கரைந்து சாம்பல் தண்ணீர் ஆகும். கோப்பி வடிகட்டும் துணிப்பையில் வடிகட்டினேன். அந்தப் பை அதற்கப்புறம் கோப்பிக்கு உதவாது, சொல்லிவிட்டேன். இந்தத் தண்ணீர் மரத்தின் டானினோடு (தேயிலையிலும் இருக்கும் துவர்ப்புப் பொருள்) சேர்ந்தால் கறுக்கும். கிட்களில் அதிகம் வரும் பாஸ்வுட் மரத்தில் டானின் குறைவு. அதற்குக் கறுப்புத் தேயிலையைக் கஷாயமாகக் காய்ச்சி முதலில் இரண்டு முறை பூசிக் காயவிட்டேன். மேலே இரும்புத் தண்ணீர் பட்டதும் கண்முன்னே பழுப்பு, சாம்பல், கடைசியில் மழைமேகக் கறுப்பு. பிக்கார்டுக்கு (பாடியின் மேல் மூடும் தட்டு) அடியில் மறையும் இடத்தில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். இரும்பு நாரைப் பிக்கப்புக்குப் பக்கத்தில் மட்டும் கொண்டுபோகாதீர்கள், காந்தம் தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும்.

மேல்பூச்சுக்கு ஸ்ப்ரே வேண்டாம் என்பேன். வீட்டுக்குள் புகை, தாழ்வாரத்தில் சண்டை. அதைவிடப் பெரிய காரணம் ஈரம். பட்டறையில் காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் சாயத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுவோம். இரும்பின் சூடு, பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது கூட இருக்க வேண்டும். மரத்துக்கும் நியாயம் ஒன்றுதான். ஸ்ப்ரே லாக்கர் பூச்சு வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, ஈரம் படிந்து, பால் மாதிரி வெளுக்கும். சிங்கப்பூரில் விடியற்காலை ஈரப்பதம் 90ஐத் தாண்டும், மழை இல்லாத மதியத்தில் 60 வரை இறங்கும். சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். நான் பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் மட்டும் பூசினேன்.

துணியால் துடைத்துப் பூசும் பாலியூரித்தேன் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பனியன் துணியில் கொஞ்சமாக எடுத்து, முகத்துக்குப் பவுடர் போடுகிற மெல்லிசில். நாளைக்கு ஒரு பூச்சு, ஆறு பூச்சு. இரண்டு பூச்சுக்கு ஒருமுறை 400 தாளால் லேசாகத் தடவுங்கள். பூசிய துணியைச் சுருட்டிக் குப்பை போடும் துவாரத்தில் எறியாதீர்கள். எண்ணெய் கலந்த பூச்சுத் துணி சுருண்டு கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

என் தப்பு ஒன்று. நெக் உட்காரும் குழியை டேப் ஒட்டி மறைக்காமல் அங்கேயும் அழகாகப் பூசிவிட்டேன். ஆறு பூச்சின் கனத்தில் நெக் உள்ளே இறங்கவில்லை. உளியை வைத்துச் சுரண்டும்போது பட்டறையில் என்னிடம் திட்டு வாங்கிய பையன்கள் எல்லாரும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

கடைசிப் பூச்சு முடிந்து இரண்டு வாரம் தொடாதீர்கள். காய்வது வேறு, இறுகுவது வேறு. மூக்கை வைத்துப் பாருங்கள், வாசனை வந்தால் இன்னும் இறுகவில்லை.

திரும்பப் பூட்டி, 010 கம்பி செட் (மெல்லிய கம்பியின் தடிமன் 0.010 அங்குலம்) மாட்டி, சுருதி சேர்த்த பிறகு உள்ள வேலையில்தான் கிட் என்பது கிட்டார் ஆகிறது. இதற்கு வரிசை உண்டு, மாற்றாதீர்கள்: நெக்கின் வளைவு, கம்பி உயரம், கடைசியில் சேடில்.

முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கடைசி ஃப்ரெட்டில் தடித்த கம்பியை அழுத்துங்கள். 7, 8ஆவது ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 0.25 மி.மீ. இடைவெளி போதும். இடைவெளி அதிகம் என்றால் நெக்கின் உள்ளே ஓடும், வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைக் கடிகார முள் திசையில் கால் சுற்று. கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். இறுக்கமாக இருந்தால் நிறுத்துங்கள், அது முறிந்தால் நெக் போயிற்று.

12ஆவது ஃப்ரெட்டில் கம்பி உயரம் தடித்த பக்கம் 2 மி.மீ., மெல்லிய பக்கம் 1.6. இறக்கும்போது ஏதாவது ஒரு இடத்தில் மட்டும் கம்பி கிர்ரென்றால் அங்கே ஒரு ஃப்ரெட் தூக்கி நிற்கிறது. பஸ்ஸிலும் ரயிலிலும் தட்டும் பழைய ஈஸி-லிங்க் அட்டையின் ஓரத்தை மூன்று ஃப்ரெட் மேல் நிறுத்தி ஆட்டிப் பாருங்கள். ஊஞ்சல் ஆடினால் நடுவில் இருப்பவர்தான் குற்றவாளி. மேலே போகப்போக ஃப்ரெட் நெருங்கும், அங்கே அட்டையின் சின்னப் பக்கம். எனக்கு 14ஆவது ஃப்ரெட். பக்கத்து மரத்தை டேப்பால் மூடி, அரத்தால் நாலு இழுப்பு.

நட்டில் கம்பி ஓடும் காடிகள் கிட்களில் எப்போதும் உயரமாகவே இருக்கும். மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் முதல் ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு தாள் நுழையும் அளவு இருந்தால் போதும். அதற்கான அரங்கள் விலை அதிகம். கேஸ் வெல்டிங் முனை சுத்தம் செய்யும் கம்பி அரங்கள் என் பெட்டியில் துருப்பிடித்துக் கிடந்தன, அவை அச்சாக அந்த வேலை செய்தன. ஒரு இழுப்பு கூடினால் நட்டையே மாற்ற வேண்டும் என்பதால் மெதுவாக. பணம் செலவழிக்க ஆசை இருந்தால் முதலில் எலும்பு நட்டும் நல்ல டியூனரும் வாங்குங்கள். பிக்கப் அப்புறம். தங்க நிறக் குமிழ்கள் எப்போதும் வேண்டாம்.

சேடிலுக்குச் சுருதி காட்டும் டியூனர் ஆப் ஒன்றைக் கைப்பேசியில் வைத்து, 12ஆவது ஃப்ரெட்டில் லேசாகத் தொட்டு எழுப்பும் மணி ஒலியையும், அழுத்தி வாசிக்கும் ஒலியையும் ஒப்பிடுங்கள். அழுத்தும்போது சுருதி ஏறினால் சேடிலைப் பின்னால் இழுங்கள், இறங்கினால் முன்னால் தள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் சுருதி சேர்த்துவிட்டுப் பாருங்கள்.

சனிக்கிழமை மருமகன் முகாமிலிருந்து வந்தான். மொட்டைத் தலையோடு சோபாவில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாசித்தான். கறுப்பு நிறத்தை எதில் செய்தேன் என்று சொன்னபோது மோந்து பார்த்தான். வீட்டுக்கு எடுத்துப் போய் இரண்டு வாரத்தில் செய்தி: "மாமா, கம்பி எல்லாம் கிர்ர்ங்குது." அவன் அறையில் ராத்திரி முழுக்க ஏசி ஓடும், என் வீட்டில் மின்விசிறி மட்டும். காற்று காய்ந்ததில் நெக் நிமிர்ந்துவிட்டது. ட்ரஸ் ராடை எதிர்த் திசையில் கால் சுற்று தளர்த்தச் சொன்னேன்.